இரண்டு பத்திரங்களுக்கு நடுவே நின்ற வீடு

மருமகளுக்கு வீடு எழுதி வைத்தால் சலுகை உண்டா என்று நேற்றும் ஒருவர் போன் செய்தார். நான் பத்திரப்பதிவுத் துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஊருக்கு மட்டும் இன்னும் அது தெரியவில்லை. காய் வாங்கப் போனால் காய்க்காரம்மா கேட்கிறார். பல் பிடுங்கப் போனால் டாக்டர் என் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டு, மச்சினன் பேருக்கு மாற்றலாமா என்று கேட்கிறார். அந்த நிலையில் ஒருத்தி என்னத்தைப் பதில் சொல்வாள்?

எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருமகளுக்குச் சலுகை இல்லை. மருமகனுக்கும் இல்லை. மச்சினனுக்கு நிச்சயமாக இல்லை. சொத்தை விலைக்கு விற்றால் முத்திரைத்தீர்வை என்று ஒரு பங்கு, பதிவுக் கட்டணம் என்று ஒரு பங்கு அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது இரண்டும் சேர்ந்து நூற்றுக்குப் பதினொன்று. அதே சொத்தைக் குடும்பத்துக்குள் சும்மா கொடுத்தால் தீர்வை நூற்றுக்கு ஒன்று, கட்டணம் ஒன்று. அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி வாங்க மாட்டார்கள். யார் குடும்பம்? அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர்கள். முடிந்தது. மண்டபம் பிடித்தாலும் போதாத மதுரைக் குடும்பத்தை அரசாங்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டது.

எங்கள் ஊழியர் சங்க மலருக்கு ஓர் அனுபவம் எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்துப் பிள்ளைகள் ஒரு மாதமாக நச்சரிக்கிறார்கள். இப்போது சொத்தைப் போட்டோ எடுத்து, அது பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண்களோடு சேர்த்தால்தான் பத்திரம் நகரும். "இது இல்லாத காலத்துல ஜனங்க சொன்னதை எப்படி மேடம் நம்புனீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். நாங்கள் எங்கே நம்பினோம்? நேரில் போய்ப் பார்த்தோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வருடம் அட்டவணைப் புத்தகத்தில் பெயர் எழுதினேன். கருப்பசாமி என்ற பெயரை மட்டும் சில ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அந்த ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. வேலை என்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் கடைசிப் பத்து வருடத்தில், குணசீலன் சார் சார்பதிவாளராக வந்த பிறகுதான்.

சார் நல்ல குள்ளம். அப்போது சார்பதிவாளர்கள் உயரமான மேடையில், மரக்கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்வார்கள். இப்போது மேடையை எடுத்துவிட்டார்கள், எல்லாரும் ஒரே தரை. சார் அந்த மேடைமேல் நாற்காலி, நாற்காலிமேல் ஒரு தலையணை, அதன்மேல் அவர். அப்படியும் தடுப்புக்கு மேலே அவர் கண்ணாடி மட்டும்தான் தெரியும். பத்திரத்தைப் பார்த்ததும் எவ்வளவு தீர்வை என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். பிறகு கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று காத்திருப்பார். ஒத்துப்போனால் "பரவாயில்லையே, தேறிருச்சு" என்று கம்ப்யூட்டரைப் பாராட்டுவார்.

எழுதிக்கொடுப்பவரிடம் சார்பதிவாளர் சில கேள்விகள் கேட்க வேண்டும். படித்துப் பார்த்தீர்களா, நீங்கள் போட்ட கையெழுத்தா, யாரும் மிரட்டினார்களா. சார் இதெல்லாம் கேட்டுவிட்டு, பேனாவை மூடி கீழே வைத்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்பார்: "மனசாரக் குடுக்குறீங்களா?" எந்த விதியிலும் இல்லாத கேள்வி அது. பாதிப் பேர் சிரிப்பார்கள். சிலர் அழுவார்கள். ஒருவர் மட்டும் "அதெல்லாம் எதுக்கு சார், கைநாட்டு எங்க வைக்கணும்?" என்றார்.

அவரோடு களப்பார்வைக்குப் போன கதை ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. வீட்டை விற்கும்போது மனைக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்கு ஒரு மதிப்பு. அதனால் நம் ஆட்கள் பத்திரத்தில் கட்டடத்தைச் சுருக்குவார்கள். மாடி வீடு ஓட்டு வீடாகும், ஓட்டு வீடு கொட்டகையாகும், கொட்டகை காணாமலே போகும். மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. தரைத்தளம் மட்டும் என்று எழுதியிருந்தார்கள். போய் இறங்கினால் மாடிப்படி முழுக்க வைக்கோல். அதற்கு மேலே பச்சை வலை கட்டி மறைத்திருக்கிறது.

"மேல என்னண்ணே?" என்றார் சார்.

"கோழிக்கூண்டு சார்," என்றார் வீட்டுக்காரர்.

அந்த நேரம் பார்த்து மேலே குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசில். வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"ஏண்ணே, உங்க ஊர்ல கோழியே குக்கர் வச்சுச் சமைக்குதா?"

"கோழிதான் சார் வேகுது," என்றார் அந்த மனிதர், பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

மூன்றாவது விசில் வரை சார் பொறுமையாக நின்றார். பிறகு வைக்கோலை விலக்கிக்கொண்டு மேலே ஏறி நாங்கள் டேப் பிடித்து அளந்தோம். தீர்வையில் குறைந்ததைக் கட்டச் சொல்லி அங்கேயே எழுதினார். சாப்பிட்டுப் போங்கள் என்று வற்புறுத்தினார்கள். சார் தன் தயிர்சாத டப்பாவை வேப்பமரத்தடியில் திறந்துகொண்டார். எனக்கு அந்தக் குழம்பு வாசம் இன்னும் மறக்கவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன வேலையில் என்னால் ஒரு குடும்பம் தவித்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சிம்மக்கல்லில் தையல் மெஷின் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் காதர் பாய். அவர் மனைவி ஜைத்தூன் அம்மா. அறுபது தாண்டிய தம்பதி, பிள்ளை கிடையாது. கடைக்குப் பின்சந்தில் ஒரு மாடி வீடு. ஜைத்தூன் அம்மாவுக்கு அவரைப் பெற்ற அத்தா கொடுத்தது, அவர் பேரில்தான் இருந்தது. இருவரும் ஒரு நாள் பத்திர எழுத்தர் பாண்டி அண்ணனோடு வந்து சார் மேடைக்கு முன்னால் நின்றார்கள்.

"பர்வீனுக்கு வீட்டை எழுதணும் சார்," என்றார் பாய்.

பர்வீன், ஜைத்தூன் அம்மாவின் தங்கை நூர்ஜஹான் பெற்ற பிள்ளை. நூர்ஜஹானுக்கு ஐந்து பெண்கள். ஐந்தாவது பிறந்த நாற்பதாம் நாள், குழந்தை இல்லாத அக்கா கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார். பர்வீன் ஜைத்தூன் அம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிடுவாள். பெற்றவளைச் சின்னம்மா என்பாள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் இப்போது கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். ஜைத்தூன் அம்மாவுக்கு அடுத்த வாரம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு சட்டப்படி புருஷனுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் போகும். அவருடைய தம்பிமார் இரண்டு பேர் எப்போது என்று காத்திருந்தார்கள். பர்வீனுக்கு ஒரு செங்கல் கிடைக்காது.

"எங்கள்ல வாயால குடுத்தாலே செல்லும்னு ஜமாஅத்துல சொல்றாங்க சார். ஆனா நாளைக்குத் தம்பிமாரு சண்டைக்கு வந்தா வாயையா கோர்ட்ல காட்ட முடியும்?" என்றார் பாய்.

சார் உறவைக் கேட்டார், வீட்டின் மதிப்பைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார். "நாலு லட்சத்து நாப்பதாயிரம் ஆகும் பாய்."

"எம்புட்டு?"

"தங்கச்சி மக சலுகைப் பட்டியல்ல வர மாட்டா. நூத்துக்குப் பதினொண்ணு."

"ஆபரேஷனுக்கு வச்சிருக்கதே அம்புட்டுத்தான் சார்," என்றார் பாய்.

ஜைத்தூன் அம்மா தடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நாப்பதாம் நாள்லருந்து நான் வளத்த பிள்ள சார். அவ எனக்கு மக இல்லையா?"

சார் சங்கடத்தோடு சொன்னார். தத்துப்பிள்ளைக்கும் சலுகை உண்டு. ஆனால் அவரவர் மதச் சட்டம் தத்தெடுக்க இடம் கொடுத்தால்தான் உண்டு. இஸ்லாத்தில் அது கிடையாது.

"அப்ப நான் அவளுக்கு யாரு?"

"பெரியம்மா," என்றார் சார். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தச் சட்டத்தை எழுதினவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

பாண்டி அண்ணன்தான் வழி சொன்னார். அக்கா தங்கைக்கு எழுதலாம், அது குடும்பம். தங்கை தான் பெற்ற மகளுக்கு எழுதலாம், அதுவும் குடும்பம். அடுத்தடுத்து இரண்டு பத்திரம். முறையான வழிதான், ஒளிவுமறைவு இல்லை. உச்சவரம்பு இருப்பதால் இரண்டும் சேர்ந்து அறுபதாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

பாயின் முகம் மலர்ந்தது. ஜைத்தூன் அம்மாவின் முகம் இருண்டது. "அவளுக்கா? எம் வீட்டை அவளுக்கா எழுதச் சொல்றீங்க?"

அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பர்வீன் கல்யாணப் பத்திரிகையில் பெற்றோர் என்று காதர் பாய் பேரும் ஜைத்தூன் அம்மா பேரும் மட்டும் அச்சாகியிருந்தன. நூர்ஜஹான் பேர் எங்கேயும் இல்லை. "பெத்ததுக்கு ஒரு ஓரத்துலயாவது போட்டிருக்கக் கூடாதா?" என்று மண்டபத்திலேயே கேட்டுவிட்டு, பிரியாணியைத் தொடாமல் பழங்காநத்தத்துக்குப் பஸ் ஏறியவர்தான். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு எதிரெதிரே உட்கார்ந்தாலும் காதர் பாய் மூலமாகத்தான் பேச்சு.

எப்படியோ பாய் பழங்காநத்தம் போய்ச் சம்மதம் வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டோக்கன். முதல் பத்திரம் பதிவாகி எண் விழுந்த பிறகுதான், அந்த எண்ணைப் போட்டு இரண்டாவது பத்திரத்தைத் தாக்கல் செய்ய முடியும். ஆகவே இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்த டோக்கன் கொடுத்திருந்தேன். வரிசையாகக் கூப்பிட வேண்டியதும் நான்தான்.

நூர்ஜஹான் பர்வீனின் பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். பெஞ்சில் காதர் பாயை நடுவில் போட்டு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. ஒரு முழ தூரம்கூட இல்லை.

"பாய், ஃபேன் காத்து ஒத்துக்கலைன்னா இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க," என்பார் நூர்ஜஹான்.

"எனக்கு ஒத்துக்குதுன்னு சொல்லுங்க," என்பார் ஜைத்தூன் அம்மா, இருமிக்கொண்டே. பாய் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வார். பர்வீன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

நூர்ஜஹான் பாண்டி அண்ணனிடம் இரண்டாவது பத்திரத்தைப் படிக்கச் சொன்னார். "என் மகளாகிய பர்வீன் என்கிற உனக்கு" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த வரிய இன்னொரு தடவ படிங்கண்ணே." மூன்று தடவை படிக்கச் சொன்னார். ஜைத்தூன் அம்மா சுவரில் இருந்த கட்டண அட்டவணையை மூன்று தடவையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பத்திரம் நல்லபடியாக முடிந்தது. "மனசாரக் குடுக்குறீங்களா?" என்று சார் கேட்டதற்கு ஜைத்தூன் அம்மா, "பர்வீனுக்காகக் குடுக்குறேன்," என்றார். கைரேகை, கேமரா, கையெழுத்து, எண் விழுந்தது. வீடு நூர்ஜஹானுடையது. அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டிய நேரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வாசலில் ஒரு பாகப்பிரிவினைக் கும்பல் நின்றது. அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று பதினொரு பேர். நாலு வருடமாக ஒவ்வொரு முறையும் வாசல்வரை வந்து சண்டை போட்டுத் திரும்பிப் போகிறவர்கள். அன்றைக்கு அதிசயமாகப் பதினொரு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். மூத்தவர் என்னிடம் கும்பிட்டு, "மேடம், இந்த மனநிலை கால் மணி நேரம்தான் தாங்கும். உள்ள விட்ருங்க," என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பாய் வீட்டுப் பத்திரம் எங்கே ஓடிப்போகிறது என்று நினைத்து அவர்களை முன்னால் விட்டேன்.

பதினொரு கைரேகை, பதினொரு போட்டோ. ஒன்பதாவது ஆளுக்குக் கண் சிமிட்டும் வியாதி. அவர்கள் பத்திரம் முடிந்து எண் விழுந்தது. நான் பாண்டி அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சர்வர் போய்விட்டது.

காதர் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். நடுவில் இருந்த ஆள் போனதும் சகோதரிகள் இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மேடம், வீட்டுச் சாவி ஒண்ணு எனக்கும் வேணும்னு சொல்லுங்க," என்றார் நூர்ஜஹான்.

"யாரு வீட்டுச் சாவியக் கேக்குறான்னு கேளுங்க மேடம்."

மேடையிலிருந்து கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது. "சட்டப்படி இப்ப அவங்க வீடுதாம்மா," என்றார் சார். அவரை யார் கேட்டது?

"கேட்டுக்கிறச் சொல்லுங்க. மொட்டைமாடில கண்டபடி வத்தல் காயப்போடக் கூடாதுன்னும் சொல்லிருங்க," என்றார் நூர்ஜஹான்.

ஜைத்தூன் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணி வரை சர்வர் வரவில்லை. சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கட்கிழமை காலையில் ஜைத்தூன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இரண்டாவது பத்திரத்துக்கு அவர் தேவையில்லைதான், ஆனால் நூர்ஜஹான் தேவை. அவர் போகும்போது, "வாரேன் மேடம்," என்றார். பத்திரத்துக்கு வருவதைச் சொன்னாரா, வீட்டுக்கு வருவதையா என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் பாண்டி அண்ணன் போன் செய்தார். "மேடம், நூர்ஜஹானம்மா வீட்டைப் பாக்க வந்திருச்சு. கையோட கொத்தனாரையும் கூட்டியாந்திருக்கு."

அரசு ஊழியர் அங்கெல்லாம் போகக் கூடாது. ஆனாலும் பதினொரு பேரை உள்ளே விட்டவள் நான்தானே. டவுன் பஸ் பிடித்துச் சிம்மக்கல்லில் இறங்கினேன். சந்துக்குள் நுழையும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. அடுப்படிக் கூரை ஆறு வருடமாக ஒழுகுகிறதாம். ஜைத்தூன் அம்மா அதற்குக் கீழே ஒரு பக்கெட் வைத்துச் சமாளித்து வந்திருக்கிறார். நூர்ஜஹான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொத்தனாரை விரட்டிக்கொண்டிருந்தார். ஜைத்தூன் அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

"எம் வீட்டுல பக்கெட் வைப்பேன், அண்டா வைப்பேன், அவளுக்கென்ன வந்துச்சுன்னு கேளுங்க!"

பாய் இரண்டு அறைக்கும் நடுவில் நின்றார். ஆனால் யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. எனக்குப் பர்வீன் டீ கொடுத்தாள். "சின்னம்மா திருப்பித் தந்துருவாங்களா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். "தருவாங்கத்தா," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை நூர்ஜஹான் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சர்வரும் வேலை செய்தது. பாய் ஜைத்தூன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஓடிவந்திருந்தார். நான் முதல் டோக்கனாக அவர்களைக் கூப்பிட்டேன். இந்த முறை பிரதம மந்திரியே வந்து நின்றாலும் குறுக்கே விட்டிருக்க மாட்டேன். சார் கேள்விகளை எல்லாம் கேட்டார். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"மனசாரக் குடுக்குறீங்களா?"

"இல்ல," என்றார் நூர்ஜஹான்.

அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வரும் என்று சாரும் எதிர்பார்க்கவில்லை. "என்னம்மா?" என்றார்.

"இப்ப குடுக்க மாட்டேன்."

"அடிப்பாவி," என்றார் பாண்டி அண்ணன். பாய் தடுப்பில் சாய்ந்துவிட்டார். பர்வீன் மட்டும் பெற்றவளை நேராகப் பார்த்தாள். "ஏன் சின்னம்மா?"

நூர்ஜஹான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவள எனக்குத் தெரியும். இன்னைக்கு நான் எழுதிக் குடுத்தேன்னு கேட்டா, அல்ஹம்துலில்லாஹ், எல்லாக் கடமையும் முடிஞ்சுச்சுன்னு நிம்மதியாப் படுத்துருவா. அந்த நெஞ்சு அப்படியே நின்னு போகும். வீடு எங்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா சாக மாட்டா. எங்கிட்டருந்து புடுங்குறதுக்காச்சும் எந்திரிச்சு வருவா."

பாய்தான், "டாக்டர் ரத்தக் கொதிப்பு ஏறக் கூடாதுன்னு சொல்லிருக்காரும்மா," என்றார்.

"அதுக்கு மாத்திரை இருக்கு. ஆசை விட்டுப்போனா எந்த மாத்திரை இருக்கு? நான் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லுங்க பாய். காரணத்தைச் சொன்னீங்க, வீட்டைப் பள்ளிவாசல் வக்ஃபுக்கு எழுதி வச்சுருவேன்."

ஒன்பது வருடம் ஒரு வார்த்தை குறையாமல் சுமந்த மனிதர் முதல் தடவையாகப் பாதிச் செய்தியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கேட்டதும் ஜைத்தூன் அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "நான் வந்து அவள வச்சுக்கிறேன்," என்றாராம். நர்ஸ்கள் ஓடிவந்தார்களாம்.

புதன்கிழமை ஆபரேஷன். அன்றைக்கு நூர்ஜஹான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தொழுகைப் பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்று பர்வீன் போனில் சொன்னாள். அக்கா கண் விழித்தபோது மட்டும் அவர் கண்ணில் படாமல் பழங்காநத்தம் போய்விட்டாராம்.

அடுத்த ஐந்து வாரமும் எனக்கு அதே நினைப்புதான். நூர்ஜஹான் சொன்னது உண்மைதானா? இல்லை, ஒன்பது வருடக் கோபத்துக்கு வீட்டைப் பிடித்துக்கொண்டாரா? அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் மற்ற நாலு பெண்களும் புருஷனும் பங்குக்கு வந்து நிற்பார்களே. ஒரு டோக்கனை முன்னே பின்னே மாற்றியதற்கு இவ்வளவா என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். சார் அந்த ஐந்து வாரமும் யாரிடமும் "மனசாரவா" என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜைத்தூன் அம்மா நெஞ்சுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு இறங்கினார். பாய் ஒரு பக்கம் பிடிக்கப் போக, கையை உதறிவிட்டார். நூர்ஜஹானும் பர்வீனும் பாண்டி அண்ணனும் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா படியேறி, மூச்சு வாங்கி நின்று, நேராகத் தங்கையைப் பார்த்தார். பாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஏண்டி, எம் அடுப்படிக்கு எவளைக் கேட்டுப் பச்சைப் பெயிண்ட் அடிச்ச?"

"வெள்ளை அடிச்சா நீ வைக்கிற தாளிப்புக்கு ரெண்டு நாள் தாங்குமா?" என்றார் நூர்ஜஹான்.

"கண்றாவியா இருக்குடி."

"இருந்துட்டுப் போகுது. ஒழுகுதா?"

"ஒழுகலை," என்று ஒப்புக்கொண்டார் ஜைத்தூன் அம்மா. காதர் பாய் நடுவில் எதையோ சொல்ல வாயைத் திறந்து, தேவையில்லை என்று தெரிந்ததும், மூலையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்திரம் மேடைக்குப் போனது. சார் எல்லாக் கேள்வியும் கேட்டார். பேனாவை மூடலாமா வேண்டாமா என்று யோசித்தார். எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார், பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு சாதாரணமான கேள்வியைக் கேட்டார்.

"பர்வீன் உங்களுக்கு என்ன உறவும்மா?"

நூர்ஜஹான் திரும்பி அக்காவின் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "எங்க அக்கா மக சார்."

பாண்டி அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். சார் தலையணையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அக்கா மகள்னா பட்டியல்ல இல்ல. நூத்துக்குப் பதினொண்ணு ஆயிரும்."

"எம்புட்டு ஆனாலும் அதுதான் சார் உண்மை. வளத்தவ அவதான்."

அக்காவைச் சீண்ட வேண்டுமென்றே சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. ஜைத்தூன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த வயசுக்கு, அந்த உடம்புக்கு, அப்படி ஒரு சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெளியே ஸ்டாம்ப் வாங்க நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"கிறுக்கி! பத்து மாசம் சுமந்தவ நீ! உம் மகதான்டி அவ! சொல்லித் தொலைடி!"

நூர்ஜஹான் அக்காவின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். அந்தக் கையை அப்புறம் விடவே இல்லை.

"என்ன உறவுன்னு பதியட்டும்மா?" என்று சார் மறுபடியும் கேட்டார்.

"மக," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

கம்ப்யூட்டரில் உறவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நான் அதில் "மகள்" என்று அடித்தேன்.